வெள்ளிப் பட்டறை: புதிதாகப் பழகுவோரின் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெள்ளி வேலையை அண்மையில் தொடங்கியவர்கள் எழுதியவை. ஒரே சிக்கலைப் பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்ததால் அவற்றைச் சேர்த்துச் சுருக்கித் தந்திருக்கிறேன். பற்றவைப்பதை, அதாவது உலோக முனைகளைச் சூடேற்றி ஒன்றாக இணைப்பதைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் நீண்டுவிட்டது. பழகத் தொடங்கி இடையில் விட்டுவிடுபவர்களில் பலர் அந்த இடத்தில்தான் மனம் தளர்கிறார்கள் என்பதால் அதைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஐயா, பணி ஓய்வுக்குப் பிறகு வெள்ளி நகை செய்யப் பழக விரும்புகிறேன். நான் பார்த்த கருவிப் பட்டியலில் நாற்பதுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. அத்தனையும் வாங்கிய பிறகுதான் தொடங்க வேண்டுமா? இந்த வயதில் கை படியுமா?

பதில்: முதல் சில மாதங்களுக்குத் தேவையானவை ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிடும். ரம்பச் சட்டமும் அதற்கான பிளேடுகளும், ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் உள்ள அரம் ஒன்று, சில ஊசி அரங்கள், வாயில் பல் வெட்டாத இரண்டு குறடுகள், சாமணம், மரக் கொட்டாப்புளி, சுத்தியல், மோதிரத்தை ஏற்றித் தட்டுவதற்கான கூம்பு வடிவ மாண்ட்ரல், சிறிய கேஸ் டார்ச், நெருப்புச் செங்கல், வெங்காரம் (போராக்ஸ்), பற்றாசு (இணைப்பில் உருகி ஓடி ஒட்டவைக்கும் உலோகக் கலவை), சில தர உப்புத்தாள்கள், இவற்றோடு மேசை விளிம்பில் பொருத்தும் கவட்டை வடிவ மரத்துண்டு ஆகியவை போதும். பணத்தைச் செலவிட வேண்டிய இடம் அரமும் குறடும்தான். மட்டமான அரம் வெட்டுவதற்குப் பதிலாகக் கீறும், அந்தக் கீறலைத் தேய்த்து அகற்றுவதில் உங்கள் நேரம் பாதி போய்விடும். சுத்தியல் பழையதாக இருந்தாலும் குறையில்லை. ஆனால் அதன் முகத்தில் உள்ள ஒவ்வொரு வடுவும் வெள்ளியின் மேல் அப்படியே பதியும் என்பதால், முதலில் அந்த முகத்தை உப்புத்தாளில் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளியை உடனே வாங்க வேண்டாம். செம்புத் தகட்டில் தொடங்குங்கள். தட்டத் தட்ட இறுகுவது, சூடேற்றினால் இளகுவது, வெப்பத்தை வேகமாகக் கடத்துவது ஆகிய குணங்களில் செம்பு வெள்ளிக்கு மிக அருகில் நிற்கிறது. வெள்ளிப் பற்றாசும் அதில் நன்றாகவே பிடிக்கும். ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள். செம்பு உருகுவது 1,085 டிகிரி செல்சியஸில். நகைக்குப் பயன்படும் 925 வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்பும் சேர்ந்த கலவை, ஏறத்தாழ 800 டிகிரியிலேயே உருகத் தொடங்கி 890 டிகிரியை ஒட்டி முழுவதும் நீராகிவிடும். செம்பு பொறுத்துக்கொண்ட தவற்றை வெள்ளி பொறுத்துக்கொள்ளாது. பழகுவதற்குப் பித்தளையை நான் பரிந்துரைப்பதில்லை. அளவுக்கு மீறிச் சூடானால் அதிலுள்ள துத்தநாகம் புகையாக எழும், அந்தப் புகை உடலுக்குத் தீங்கானது.

வயதைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு ஒரே பதில்தான். இந்த வேலைக்குக் கைவலிமையைவிடக் கண்ணும் பொறுமையும் வேண்டும். நல்ல விளக்கு ஒன்றும் நெற்றியில் அணியும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் இருந்தால் கண்ணின் குறை பெரிய தடையாக இராது.

கேள்வி: ஒரு மணி நேரத்தில் பத்து பிளேடுகள் உடைந்துவிட்டன. ஒரு வளைவைக்கூட முழுதாக அறுக்க முடியவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: பிளேடுகள் டஜன் கணக்கில் விற்கப்படுவதற்குக் காரணமே அவை உடைவதுதான்; ஆகவே அதற்காக வருந்த வேண்டியதில்லை. பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழே பார்த்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், ஏனெனில் இந்த ரம்பம் கீழே இழுக்கும்போது மட்டுமே வெட்டும். பிளேடை மாட்டும்போது சட்டத்தை மேசையில் ஊன்றி மார்பால் சற்று அழுத்தி வளைத்துக்கொண்டு திருகை முடுக்குங்கள். விட்ட பிறகு பிளேடை நகத்தால் சுண்டினால் வீணைத் தந்திபோல் மெல்லிய ஓசை எழ வேண்டும். மந்தமான ஓசை வந்தால் பிளேடு தளர்ந்திருக்கிறது, தளர்ந்த பிளேடு திருகி உடையும். தகட்டின் கனத்துக்குள் குறைந்தது இரண்டு பற்களாவது எப்போதும் அடங்கியிருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு மில்லிமீட்டர்த் தகட்டுக்கு 2/0 எண் பிளேடு பொருந்தும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் உடைகிறதென்றால், நீங்கள் ரம்பத்தை முன்னோக்கித் தள்ளுகிறீர்கள் என்று பொருள். தள்ளவே வேண்டாம். சட்டத்தைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் முழு நீளத்தையும் பயன்படுத்தி, மேலும் கீழுமாக மட்டும் அசையுங்கள். மூலை திரும்பும் இடத்தில் முன்னேறாமல் நின்ற இடத்திலேயே அறுத்துக்கொண்டு, ரம்பத்தை அசைத்த வண்ணம் தகட்டை மெதுவாகத் திருப்ப வேண்டும். பிளேடின் பின்புறத்தில் சிறிது மெழுகு தடவிக்கொண்டால் ஓட்டம் இலகுவாகும்.

கேள்வி: மோதிர இணைப்பில் பற்றாசுத் துண்டை வைத்துச் சூடேற்றினால், அது உருகிச் சிறு குண்டாகத் திரண்டு நின்றுவிடுகிறது, இடுக்குக்குள் ஓடுவதே இல்லை. மேலும் சூடேற்றினால் மோதிரத்தின் ஓரம் உருகுகிறது. ஆறு முறை முயன்றுவிட்டேன். பற்றாசு தரமற்றதா, என் முறை தவறா?

பதில்: பற்றாசு குண்டாகத் திரள்வது ஒரு தெளிவான செய்தி. அது உருகப் போதுமான சூடு அதற்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் சுற்றியுள்ள வெள்ளிக்கு அந்தச் சூடு கிடைக்கவில்லை, அல்லது வெள்ளியின் மேற்பரப்பு தூய்மையாக இல்லை. பெரும்பாலும் உங்கள் சுடர் பற்றாசின் மேல் விழுகிறது, மோதிரத்தின் மேல் விழவில்லை.

எல்லா உலோகங்களிலும் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. அதனால் ஓர் இடத்தில் காட்டிய சூடு அங்கே தங்காமல் மோதிரம் முழுவதும் பரவிவிடுகிறது. முழு மோதிரமும் சூடாகும் வரை இணைப்பும் சூடாகாது. சிறு துணுக்கான பற்றாசோ சில நொடிகளில் உருகிவிடும். எனவே சுடரை இணைப்புக்கு நேர் எதிரே உள்ள பின்புறத்தில் தொடங்கி, ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டி, மோதிரம் முழுவதும் ஒரே சீராக மங்கிய செந்நிறம் பெறும் வேளையில் மட்டும் இணைப்புக்குக் கொண்டுவாருங்கள். உருகிய பற்றாசு சூடு மிகுந்த திசையை நோக்கி ஓடும். இந்த ஒன்றைக் கை உணர்ந்துவிட்டால், பற்றாசை எந்தப் பக்கம் இழுக்க வேண்டுமோ அந்தப் பக்கம் சுடரை நகர்த்தி அழைத்துச் செல்லலாம்.

ஆனால் பற்றவைப்பின் பெரும்பகுதி நெருப்பை மூட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மோதிரத்தின் இரு முனைகளும் ஒன்றையொன்று முழுமையாகத் தொட வேண்டும். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இடையில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. பற்றாசு பள்ளத்தை நிரப்பும் பொருளல்ல, மயிரிழை இடுக்கில் தானாக ஏறிப் பரவும் பொருள். இடைவெளி இருந்தால், மோதிரத்தை இறுக்கமாக மூடிவிட்டு அந்த இணைப்பின் வழியே ரம்பத்தை ஒருமுறை ஓட்டுங்கள். இரு முகங்களும் இணையாகிவிடும், பிறகு மீண்டும் மூடினால் சரியாகப் பொருந்தும். அடுத்தது தூய்மை. இணைப்பை உப்புத்தாளால் தேய்த்த பிறகு விரலால் தொட வேண்டாம், விரலின் எண்ணெய்ப்பசை போதும் பற்றாசைத் தடுத்து நிறுத்த.

வெங்காரத்தை நீரில் உரைத்துப் பால் போன்ற பதத்தில் இணைப்பின் மேலும், பற்றாசுத் துண்டின் மேலும் பூசுங்கள். சூடான உலோகத்தைக் காற்று தொடாதபடி மூடுவதும், உண்டாகும் துரு போன்ற படலத்தைக் கரைப்பதும் அதன் பணி. தொடக்கத்தில் சுடரைத் தொலைவில் பிடித்து மென்மையாகக் காட்டுங்கள். நீர் ஆவியாகும்போது வெங்காரம் பொரிந்து வெள்ளையாகப் பொங்கும், சில சமயம் பற்றாசுத் துண்டைத் தள்ளியும் விடும். எஃகு ஊசியால் அதைப் பழைய இடத்துக்கு நகர்த்துங்கள். பிறகு அது அமர்ந்து, கண்ணாடிபோலத் தெளிவாக உருகிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பைக் கண்ட பிறகுதான் முழுச் சூட்டையும் தர வேண்டும். இணைப்பின் நெடுகிலும் ஒளிரும் கோடொன்று மின்னி ஓடும்போது பற்றாசு பாய்ந்துவிட்டது. அந்த நொடியிலேயே சுடரை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் ஆறு முறையும் அதே துண்டையே மீண்டும் மீண்டும் உருக்கியிருந்தால், அதுவும் தோல்விக்கு ஒரு காரணம். பற்றாசில் வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கும். நெடுநேரம் சூடேறினால் துத்தநாகம் எரிந்து வெளியேறி, எஞ்சியது முன்னைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். அதற்குள் உங்கள் மோதிரத்தின் ஓரம் உருகிவிடுகிறது. திரண்ட குண்டை அரத்தால் நீக்கி, அமிலக் கரைசலில் இட்டுத் தூய்மை செய்து, புதிய துண்டு வைத்துத் தொடங்குங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஒன்றிரண்டு துணுக்குகள் ஒரு மோதிர இணைப்புக்குப் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மோதிரத்தைத் தடித்த எஃகுச் சாமணத்தின் பிடியிலேயே வைத்துச் சூடேற்றினால் பாதிச் சூட்டைச் சாமணம் உறிஞ்சிக்கொள்ளும். மரக்கரித் துண்டின் மேல் வைத்தால் சூடு திரும்பி மோதிரத்துக்கே வரும்.

பழைய பட்டறைகளில் பற்றாசை அரத்தால் பொடியாக்கி, வெங்காரத்தோடு கலந்து வைத்து, ஊதுகுழலால் சுடரை ஊதுவார்கள். ‘பொடி வைத்து ஊதுவது’ என்ற தொடர் அந்த வேலையின் பெயர். ஊதுகுழல் போய் டார்ச் வந்திருக்கிறது, மற்றவை மாறவில்லை. செம்பில் பத்து மோதிரங்களைப் பற்றவைத்து, ஒவ்வொன்றையும் இணைப்பின் குறுக்கே அறுத்து, பற்றாசு உள்ளே எதுவரை சென்றிருக்கிறது என்று உருப்பெருக்கியில் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரிந்த இணைப்பு உள்ளே வெறுமையாக இருப்பதை அப்போதுதான் காண்பீர்கள்.

கேள்வி: பற்றவைத்த வெள்ளிப் பதக்கத்தை அமிலக் கரைசலிலிருந்து எடுத்தபோது இளஞ்சிவப்பாக இருந்தது. வெள்ளி போலியா?

பதில்: போலியல்ல. கரைசலுக்குள் இரும்போ எஃகோ சென்றிருக்கிறது. பெரும்பாலும் அது நீங்கள் பயன்படுத்திய சாமணமாக இருக்கும். கரைசலில் ஏற்கெனவே கரைந்திருந்த செம்பு, இரும்பு உள்ளே வந்தவுடன் வெள்ளியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. செம்பு, மரம், பிளாஸ்டிக் இவற்றால் ஆன இடுக்கியை மட்டும் பயன்படுத்துங்கள். படிந்த சிவப்பு மிக மெல்லியது, உப்புத்தாளில் போய்விடும். பற்றவைக்கும்போது கட்டிய இரும்புக் கம்பியையும் கரைசலில் இடுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும்.

கேள்வி: தகட்டைக் கிண்ணம்போல் குழிவாகத் தட்டும்போது விளிம்பில் வெடிப்பு விழுகிறது. மெதுவாகத் தட்டியும் இதே நிலைதான்.

பதில்: மெதுவாகத் தட்டுவதால் பயனில்லை; இடையில் நிறுத்தி இளக்காததே காரணம். ஒவ்வோர் அடியிலும் உலோகத்தின் உள்ளமைப்பு நெருங்கி இறுகுகிறது, ஓர் எல்லைக்குப் பிறகு அது நெகிழாமல் கிழிகிறது. அந்த எல்லையை உலோகமே அறிவிக்கும். தொடக்கத்தில் மந்தமாக ஒலித்த தகடு கணீரென்று ஒலிக்கத் தொடங்கும், அடி விழுந்த இடத்தில் சுத்தியல் துள்ளும். அந்த ஒலியைக் கேட்டதும் நிறுத்திவிடுங்கள். ஒளி குறைந்த அறையில், மங்கிய செந்நிறம் தோன்றும் வரை, அதாவது 600 முதல் 650 டிகிரி வரை சீராகச் சூடேற்றி, செந்நிறம் மறைந்ததும் நீரில் இடுங்கள். வெயில் விழும் இடத்தில் இந்த வேலையைச் செய்யக் கூடாது; அங்கே செந்நிறம் கண்ணுக்குத் தெரியும்போது சூடு எல்லை கடந்திருக்கும். மிகையாகச் சூடேற்றினால் உலோகத்தின் உள்ளே உள்ள நுண்மணிகள் பெருத்து, தகடு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகிவிடும். விளிம்பில் ரம்பத்தின் பற்கள் விட்டுச்சென்ற சிறு வெட்டுகளிலிருந்தும் வெடிப்பு தொடங்கும் என்பதால், தட்டுவதற்கு முன்பே விளிம்பை அரம் கொண்டு வழவழப்பாக்குங்கள்.

கேள்வி: வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். சமையலறை மேடையில் வைத்து இந்த வேலையைச் செய்யலாமா?

பதில்: சமையலறையில் வேண்டவே வேண்டாம். வெங்காரமும் அமிலக் கரைசலும் உலோகத் தூளும் உணவு புழங்கும் இடத்துக்கு வரக் கூடாது. கரைசலுக்கென ஒதுக்கிய பாத்திரம் மீண்டும் சமையலுக்குப் போகவும் கூடாது. காற்றோட்டமுள்ள, கதவைச் சாத்தக்கூடிய தனி இடம் ஒன்று வேண்டும். பற்றாசு வாங்கும்போது அதில் கேட்மியம் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்மியத்தின் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் கொடிய நஞ்சு, பழகுபவர் அதைத் தொட எந்தத் தேவையும் இல்லை. கண்ணாடி அணிந்து, கூந்தலைக் கட்டி, பருத்தி உடையோடு அமருங்கள். கரைசல் தயாரிக்கும்போது நீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் நீரைச் சேர்க்கக் கூடாது. சூடான நகையை நேராக அமிலத்தில் போட்டால் அமிலம் தெறிக்கும். முதலில் நீரில் ஆற்றிவிட்டுப் பிறகு போடுங்கள்.

எல்லாப் புத்தகங்களும் சொல்லும் எச்சரிக்கைகள் இவை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவன இரண்டு. உள்ளே வெறுமையான மணியையோ குண்டையோ முழுவதும் மூடிய நிலையில் சூடேற்றக் கூடாது. உள்ளே அடைபட்ட காற்று விரிந்து அது வெடித்துச் சிதறும். ஊசித்துளை ஒன்று விட்டுவிட்டால் ஆபத்து நீங்கும். அடுத்தது, 400 டிகிரியில் இருக்கும் வெள்ளியும் குளிர்ந்த வெள்ளியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். குழந்தைகள் உள்ள வீட்டில், சுடரை அணைத்த பிறகும் நகையை நீரில் ஆற்றாமல் அந்த இடத்தைவிட்டு எழக் கூடாது.

கேள்வி: உள்விட்டம் 17 மில்லிமீட்டர் வரவேண்டிய மோதிரத்துக்கு, அதை 3.14ஆல் பெருக்கித் தகட்டை வெட்டினேன். மோதிரம் விரலில் ஏறவில்லை.

பதில்: தகட்டின் கனத்தை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. வளைக்கும்போது தகட்டின் உட்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும்; நடுக்கோடு மட்டுமே தன் நீளத்தில் நிற்கும். எனவே உள்விட்டத்தோடு கனத்தைக் கூட்டிய பிறகே பெருக்க வேண்டும். தகடு 1.2 மில்லிமீட்டர் என்றால் 18.2ஐ 3.14ஆல் பெருக்கி, 57 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி வெட்ட வேண்டும். நீங்கள் வெட்டியது 53.4 ஆகையால் உள்விட்டம் 15.8 மட்டுமே வந்திருக்கும். இவ்வளவு வேறுபாட்டை மாண்ட்ரலில் தட்டி விரிக்க முயன்றால் மோதிரம் மெலிந்துபோகும். இணைப்பை அறுத்து, நடுவே ஒரு சிறு துண்டு சேர்த்துப் பற்றவைப்பதே நல்லது. பட்டை அகலமாக அமையும் மோதிரங்களுக்கு வழக்கமான அளவைவிடச் சற்றுக் கூடுதலாக விடுங்கள்.

கேள்வி: கல் பதித்த பிறகு ஒரு வளையத்தைப் பற்றவைத்தேன். நீலப்பச்சை டர்க்காய்ஸ் கல் நிறம் மாறி வெடித்துவிட்டது.

பதில்: டர்க்காய்ஸ், முத்து, ஓப்பல் எதுவும் அந்தச் சூட்டைத் தாங்காது. நெருப்பு வேலை அனைத்தும் முடிந்து, மெருகும் ஏறக்குறைய முடிந்த பிறகே கல் உள்ளே செல்ல வேண்டும். நெருப்பு வேலையிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல இணைப்புகள் செய்ய வேண்டியிருப்பதால், உருகும் சூடு படிப்படியாகக் குறையும்படி பற்றாசு ஹார்டு, மீடியம், ஈஸி என மூன்று தரங்களில் கிடைக்கிறது. கல்லைச் சுற்றும் பட்டையின் இணைப்பை ஹார்டிலும், அதை அடித்தகட்டோடு சேர்ப்பதை மீடியத்திலும், தொங்கும் வளையத்தை ஈஸியிலும் செய்தால், பின்னால் தரும் சூடு முன்னால் செய்த இணைப்பைக் குலைக்காது. பட்டைக்கு 925ஐவிட, ஏறத்தாழக் கலப்பே இல்லாத 999 வெள்ளி ஏற்றது. மென்மையாக இருப்பதால் கல்லின் மேல் எளிதில் மடியும். கல் பொருந்துகிறதா என்று பார்க்கும்போது அடியில் ஒரு நூலைக் குறுக்கே இட்டுக்கொள்ளுங்கள். கல் சிக்கிக்கொண்டால் நூலை இழுத்து எடுத்துவிடலாம்.

கேள்வி: நான் செய்து கொடுத்த காதணிகள் இரண்டே மாதத்தில் கறுத்துவிட்டன. ஒருவருக்குக் காதில் அரிப்பும் ஏற்பட்டதாம்.

பதில்: இரண்டும் தனித்தனிச் செய்திகள். வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் உண்டாகும் வெள்ளி சல்பைடுப் படலத்தால். நல்ல வெள்ளியும் கறுக்கத்தான் செய்யும். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் இட்டு, நகை தாளைத் தொடும்படி வைத்தால் கறுப்பு மீண்டும் வெள்ளியாகவே மாறிவிடும். முத்து, ஓப்பல் போன்றவை பதித்த நகைகளை இப்படிச் செய்ய வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் வைத்துக் கொடுங்கள். ரப்பரும் கம்பளியும் கந்தகம் கொண்டவை, அவற்றுக்கு அருகில் வைக்கக் கூடாது.

அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் நிக்கல். காதுக் கொக்கியை ஆயத்தமாக வாங்கிப் பொருத்தினீர்களா என்று பாருங்கள். ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் விற்கப்படுவதில் வெள்ளி சிறிதும் கிடையாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகம். காதுக்குள் செல்லும் கம்பியை 925 அல்லது 999 வெள்ளியில் நீங்களே இழுத்து வளைத்துக் கொடுங்கள். அந்த வாடிக்கையாளருக்கு உடனே கொக்கியை மாற்றிக் கொடுத்துவிடுவது உங்கள் கடமை.

கேள்வி: அரம் போடும்போது விழும் தூளை என்ன செய்வது?

பதில்: மடியில் தோல் விரித்து அத்தனையும் சேர்த்து வையுங்கள். தூய வெள்ளித் துண்டுகளை ஒரு புட்டியிலும், பற்றாசு கலந்த தூளை வேறு புட்டியிலும் வைக்க வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் வீட்டில் உருக்கித் தகடாக்க முடியாது, சுத்திகரிப்பவரிடம்தான் தர வேண்டியிருக்கும். ரம்பத்திலிருந்தும் அரத்திலிருந்தும் உதிர்ந்த இரும்பைக் காந்தத்தால் எடுத்துவிடலாம். ஈயப் பற்றாசு பயன்படுத்திய மேசையின் தூள் மட்டும் இவற்றோடு சேரவே கூடாது. இம்மியளவு ஈயம் வெள்ளியில் இருந்தாலும், அடுத்த முறை சூடேற்றும்போது அது உலோகத்தை அரித்துக் குழியாக்கிவிடும்; அந்த நகையை மீட்க வழியில்லை.